ஆட்ரியின் நீண்ட ஜெபம்

செந்தூல் அடுக்குமாடி வீட்டில், ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பாட்டு மேசைக்கு வந்த ஆட்ரி, ஜெபத்தை முடிக்கவே மாட்டேனென்கிறாள். புது மருமகள் லீனா தன் ஊரான சரவாக்கிலிருந்து கொண்டுவந்து பொரித்த சாகோ மரத்துப் புழுக்கள் நடுவில் இருக்கின்றன. கட்டைவிரல் தடிமன், தலை மட்டும் கறுப்பு. இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம் என்று தொடங்கியவள் மிஷனரிகள், பாஸ்டரின் முழங்கால் வலி, மழை என்று எதையெதையோ இழுத்து வருகிறாள். மேசைக்கு அடியில் அவள் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. விசிறி திரும்பும்போதெல்லாம் கொழுப்பு வாசனை மூக்கில் ஏறுகிறது. தூரத்தில் ரயில் போகிறது. சன்னல் கண்ணாடி நடுங்குகிறது. "மா, ஆறிப்போகுது லா," என்கிறான் மகன் பிரையன். வேறு வழியில்லாமல் ஆமென் விழுகிறது. ஸ்தோத்திரம் சொன்ன சாப்பாட்டை எப்படி வேண்டாமென்பது? அவள் கரண்டி ஒரு புழுவைத் தொடுகிறது, விலகுகிறது, மறுபடி தொடுகிறது. லீனா, பழகிவரும் தமிழில், மெதுவாகச் சொல்கிறாள்: "மா, நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் நீங்க ஆட்டு ரத்தம் பொரிச்சுக் குடுத்தீங்க. நானும் இப்படித்தான் ரொம்ப நேரம் ஜெபம் பண்ணேன். அப்புறம் சாப்பிட்டுட்டு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்." மேசைக்கு அடியில் கால் நிற்கிறது. ஆட்ரி ஒரு புழுவைக் கரண்டியில் எடுத்து, இந்த முறை கண்ணை மூடாமல், வாயைத் திறக்கிறாள்.