எட்டாவது பாட்டு

"எட்டாவது பாட்டைப் பத்தி யார் என்ன எழுதியிருந்தாலும் படிக்காதீங்க சித்தி. இதோட மூணு தடவை சொல்லிட்டேன்."

ஆரஞ்சுப் பழம் பிழிந்துகொண்டிருந்த சித்தி திரும்பவில்லை. "நானா தேடியா படிக்கிறேன்? வர்றதுல பாதி அதைப் பத்திதான் வருது."

"வரட்டும். அதைக் கேட்டாலே அம்மா அழறாங்க. நெஞ்சைத் திறந்து தைச்சு இன்னும் மூணு வாரம் ஆகலை. மனசு கலங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னப்ப நீங்களும்தானே பக்கத்துல நின்னீங்க?"

அம்மா சாதாரண அம்மா இல்லை. நாற்பத்தைந்து வருஷம் மேடையில் ஆடிப் பாடியவள். அவள் பாட்டுகளில் பதினாறைப் பொறுக்கிச் சேர்த்து, போன மாதம்தான் கம்பெனி ஒரு தொகுப்பாக வெளியிட்டிருந்தது. கேட்டவர்கள் எழுதும் கருத்துகளைத் தினமும் சாயங்காலம் போனில் பார்த்துப் படித்துக் காட்டுவது சித்தியின் வேலை. அக்காவுக்கு ஆபரேஷன் என்று கேட்டதும் தையல் மிஷினை மூடி வைத்துவிட்டுப் புறப்பட்டு வந்தவள் அவள்.

மகனுக்கு அந்த எட்டாவது பாட்டின் மேல் தனி உரிமை உண்டு. தொகுப்போடு வந்த சின்னப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டும் பதிவான தேதி போட்டிருந்தது. எட்டாவதற்கு நேரே இருந்தது அவன் பிறந்த தேதி. அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டாத மேஜை அவன் ஆபீசில் கிடையாது. "என்னை வயித்துல வச்சுக்கிட்டுப் பாடியிருக்காங்க, தெரியுமா?"

இப்போதும் அதைத்தான் ஆரம்பித்தான். "அப்பா போட்ட மெட்டு அது. அடுத்த வருஷமே அவர் போயிட்டார். அந்த நினைப்புல அழறாங்க. உங்களுக்குப் புரிய வேண்டாமா?"

"புரியுதுப்பா."

"புரியாது சித்தி. நீங்க டிராக் பாடின ஆளு. வாத்தியம் வாசிக்கிறவங்களுக்கு வசதியா பாடி வச்சுட்டு வீட்டுக்கு வந்துடுவீங்க. அம்மா போய்ப் பாடினதும் உங்க குரலை அழிச்சிடுவாங்க. ஒரு பாட்டைக் காலம் பூரா சுமக்கிறது வேற."

சித்தி ஆரஞ்சுத் தோலை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"இன்னிக்கும் படிச்சீங்கன்னா ஞாயித்துக்கிழமை பஸ் ஏத்தி விட்டுடுவேன். அம்மாவைப் பாத்துக்க நர்ஸ் வச்சுக்கிறேன்."

"அக்காவை விட்டுட்டு நான் எங்கப்பா போறது? படிக்கலை. போதுமா?"

சாயங்காலம் அம்மா இரண்டு தலையணையில் சாய்ந்துகொண்டாள். சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எட்டப் பிடித்தாள். மகன் கதவோரமாக நின்றுகொண்டான், பரீட்சை ஹாலில் வாத்தியார் நிற்பதுபோல.

"'முதல் பாட்டு வந்தப்ப நான் காலேஜ். இப்ப என் பொண்ணு காலேஜ். ரெண்டு பேரும் சேர்ந்து ஆடினோம்.'"

"நல்லா ஆடட்டும்" என்றாள் அம்மா.

"'நாலாவது பாட்டுல டிரம்ஸ் சத்தம் ஜாஸ்தி. அந்தக் காலத்துலயும் ஜாஸ்திதான்.'"

"உண்மையைத்தானே சொல்றான்."

"'பதினொண்ணாவதை எதுக்குச் சேர்த்தாங்கன்னே தெரியலை. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் பிடிச்சிருக்கு. அவருக்குக் காது மந்தம்.'"

அம்மா தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள். மகனுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்ததற்குப் போன சித்தியின் விரல் அங்கேயே நின்றது. உதடு மட்டும் அசைந்தது. கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு அதைத் தள்ளிவிட்டாள்.

"அது என்னடி?"

"ஒண்ணுமில்லைக்கா. நல்லா இருக்குன்னு போட்டிருக்காங்க."

"எது நல்லா இருக்காம்?"

"பொதுவா எல்லாமே."

"போனைக் குடு இப்படி."

அம்மா வாங்கி, எழுத்தைக் கூட்டிக் கூட்டிச் சத்தமாகவே படித்தாள். "'எட்டாவது பாட்டுல ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி சின்னதா ஒரு மூச்சு கேக்குது. அழுகையை முழுங்கற மாதிரி. எங்கம்மா போனதுக்கு அப்புறம் அந்த ஒரு மூச்சுக்காகவே தினமும் கேக்குறேன். மத்த பதினஞ்சு பாட்டுலயும் தேடிப் பாத்துட்டேன். எதுலயும் அது இல்லை.'"

படித்து முடிப்பதற்குள் அம்மாவின் கன்னம் நனைந்துவிட்டது. மகன் வந்து போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நீங்க கிளம்புங்க சித்தி. ஞாயித்துக்கிழமை வரைக்கும்கூட வேண்டாம்."

சித்தி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சு வாங்கினாள், எதையோ விழுங்குவதுபோல.

"துணியை எடுத்து வச்சுக்கிறேன்."

"நீ எங்கேயும் போக வேண்டாம். உக்காரு" என்றாள் அம்மா. பிறகு மகனைப் பார்த்தாள். "அந்தப் புத்தகத்தை எடு. எட்டாவதுக்கு நேரா என்ன தேதி போட்டிருக்கு?"

"என் பொறந்த நாள். ஊருக்கே தெரியுமேம்மா."

"வேண்டாம்க்கா" என்றாள் சித்தி.

அம்மா அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குப் பூரா நான் பிரசவ வார்டுல கத்திக்கிட்டு இருந்தேன்டா. சித்தி பாடி வச்சதை அவங்க அழிக்கவே இல்லை."