அவன் முடிக்கட்டும்

“இதை நீதான் எழுதினேன்னா, முதல் பத்தியை உன் வாயால சொல்லு, பாப்போம்” என்றார் துறைத்தலைவர்.

மேசைக்கு எதிரே நின்றவன் வாயைத் திறந்தான். முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது, கண்கள் இறுக மூடித் திறந்தன, சொல் மட்டும் வரவில்லை.

சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் திக்குவாய். துறையில் அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் வாய்மொழி விசாரணை வைத்தார்கள். விதி அப்படியாம்.

பல்கலைக்கழகம் அந்த வருடம் எல்லோருக்கும் தாராளமாக ஏ.ஐ. கணக்கு கொடுத்திருந்தது. ஆசிரியர்களுக்கு ஒன்று, மாணவர்களுக்கு ஒன்று. கூடவே, அதை யார் பயன்படுத்தினார்கள் என்று கண்டுபிடிக்க இன்னொரு மென்பொருள். திருடனுக்கும் போலீசுக்கும் ஒரே கடையில் சாமான் வாங்கிக் கொடுத்த மாதிரி.

அந்த மென்பொருள்தான் அவன் கட்டுரைக்குச் சிவப்பு காட்டிவிட்டது. மருத்துவமனை வரிசையில் காத்திருப்பவர்களைப் பற்றி அவன் எழுதிய கட்டுரை. மனிதன் எழுதியதில்லை என்று அது சொன்னது. குற்றம் உறுதியானால் இந்த வருடம் போச்சு, உதவித்தொகை போச்சு. உதவித்தொகை போனால் அவன் வீட்டில் மேற்கொண்டு படிக்கவைக்க ஆள் கிடையாது.

துறைத்தலைவர் கையில் கேள்விகளை அச்செடுத்து வைத்திருந்தார். அவற்றையும் அதே ஏ.ஐ.யிடம்தான் வாங்கி வந்திருந்தார். அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த விரிவுரையாளரிடம் திரும்பினார். இரண்டு வருடமாக இவனுக்குப் பாடம் எடுக்கிறீர்களே மேடம், இது இவன் எழுத்துதானா, நீங்களே சொல்லுங்கள் என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

அவளுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஒரு நீள வாக்கியம், அதன் வாலில் ஒரு குட்டி வாக்கியம். முதல் வருடப் பயிற்சிக் கட்டுரையிலிருந்தே அவன் அப்படித்தான் எழுதுவான். வாயில் வராததெல்லாம் உனக்குக் கையில் வருகிறது, விட்டுவிடாதே என்று அவனிடம் சொன்னவளே அவள்தான்.

அப்போதெல்லாம் வகுப்பில் அவன் பதில் சொல்ல எழுந்தால், யாராவது அவசரப்பட்டு ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பார்கள். அது தப்பான சொல்லாக இருந்தாலும் அவன் அதற்கே தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவான். மல்லுக்கட்டுவதைவிட அவனுக்கு அது சுலபம்.

அவளுக்குத்தான் பொறுக்காது. ‘அவன் முடிக்கட்டும்’ என்று ஓர் அதட்டல் போடுவாள். எவ்வளவு நேரமானாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். நாளடைவில் வகுப்பே காத்திருக்கப் பழகிவிட்டது.

அதனால்தான் இப்போதும் அவன் துறைத்தலைவரை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கட்டுரையைப் புரட்டினாள். படிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் படித்தாள். உறுதியாகச் சொல்வதற்கில்லை சார் என்று மென்று விழுங்கினாள்.

துறைத்தலைவர் சிரித்தார். இதைப் படிக்கும்போது எனக்கு உங்கள் கட்டுரைதான் ஞாபகம் வந்தது மேடம், அதுவும் இப்படித்தான் நீளமாகப் போய்க் குட்டியாக முடியும், இந்த ஏ.ஐ. உங்களைப் படித்துத்தான் எழுதப் பழகியதோ என்னவோ என்றார். அவள் வேலையை நிரந்தரமாக்கிய கட்டுரை அது. கண்ணாடிச் சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டியிருந்தார்கள்.

பாராட்டுக்குச் சிரிக்க வேண்டுமே என்று அவளும் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்தபடியே மறுபடி வாயைத் திறந்தான். நான் என்ற சொல்லில் ஆரம்பித்தான். அங்கேயே நின்றுவிட்டான்.

அவள் சட்டென்று கட்டுரையை மூடி வைத்தாள்.

துறைத்தலைவர்கூடக் காத்திருந்தார். கொஞ்சம் பொறுத்திருந்தால் சொல் வந்திருக்கும். வரப்போகிறது என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

“தான் செஞ்சது தப்புன்னு ஒத்துக்கிறான் சார்” என்றாள்.

அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

துறைத்தலைவர் அப்பாடா என்று பேனாவைத் திறந்தார்.

அவன் போன பிறகு வேண்டுமென்றே தாமதித்து அவள் வெளியே வந்தாள். அப்படியும் தப்ப முடியவில்லை. வராந்தாவில், அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்கு முன்னால் அவன் நின்றுகொண்டிருந்தான்.

சென்ற பருவத்தில், கட்டுரை ஒன்று வெளிவந்தால்தான் வேலை நிரந்தரம் என்று நிர்வாகம் கழுத்தில் கத்தி வைத்தபோது, தன்னிடம் இருந்த அவனுடைய பயிற்சிக் கட்டுரைகளை மொத்தமாக அள்ளி ஏ.ஐ.யில் போட்டு, இதே நடையில் எழுதிக் கொடு என்று கேட்டிருந்தாள். அது எழுதிக் கொடுத்தது. அவள் சேர்த்தது தன் பெயரை மட்டும்தான். சோதிக்கும் மென்பொருள் அதற்குப் பச்சை காட்டியது.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவன், எப்போதும் போல ஒதுங்கி வழிவிட்டான். பிறகு, உள்ளே நின்றுபோன அதே சொல்லை மறுபடி ஆரம்பித்தான்.

வராந்தாவில் வேறு யாரும் இல்லை. இந்த முறை அவள் அவனை முடிக்க விட்டாள். வெகு நேரம் பிடித்தது.

“நான்... எழுதினேன்னு மட்டும்தான்... சொல்ல வந்தேன். உங்களைப் பத்தி... சொல்லியிருக்க மாட்டேன், மேடம்.”