பதின்மூன்றாவது கத்தரிக்கோல்

ஜெயிலிலிருந்து வந்து தையல் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை. சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் என் பையை மட்டும் திறப்பார். தினமும் உள்ளே ஒரு கத்தரிக்கோல் இருக்கும். சத்தியமாக நான் வைத்ததில்லை.

"பழைய புத்தி போகலையாய்யா?" என்று பிடுங்கிக்கொள்வார். போய் எண்ணினால், சுவரில் பன்னிரண்டும் அப்படியே தொங்கும். கம்பெனியில் இருப்பதே பன்னிரண்டுதான். பிடுங்கியது விடிந்தால் இருக்காது. எதுவும் குறையாததால் என் வேலை தப்பியது, பெயர் தப்பவில்லை.

நேற்று எரிச்சலில், இருக்கிற திருட்டுப் பேருக்கு எடுத்துத்தான் பார்ப்போமே என்று நானே சுவரிலிருந்து ஒன்றைப் பையில் போட்டேன். கேட்டில் பை காலியாக இருந்தது. வாட்ச்மேன் முதல்முறையாகச் சிரித்தார்.

"திருந்திட்டியேப்பா! போயிட்டு வா."

இன்று காலை சுவரில் பதினொன்றுதான் தொங்கின. என்னைத் தவிர யாரும் எண்ணவில்லை.