மோட்டார் போடறோம், மாமா!

கீழ போக வேண்டிய தண்ணி, பாத்ரூம் ஓட்டை வழியா மேல வந்துச்சு.

சோப்பு நுரை, தலைமுடி, நேத்து கழுவின பாத்திரத்து எண்ணெய்னு எல்லாம் ஊர்வலமா திரும்பி வந்து கூடத்தை எட்டிப் பார்த்துச்சு.

"அப்பா! மோட்டாரை நிறுத்துங்க!" சின்னவ அலறினா.

மணி ஒன்பது. பதினொரு மணிக்கு அக்கா ஆஸ்பத்திரியிலேர்ந்து அம்மாவோட வரா. கையில அஞ்சு நாள் குழந்தை. குழந்தையைப் படுக்க வைக்கப் போற ரூம் வாசல்ல சாக்கடைத் தண்ணி!

வீடு அப்படி. தெரு மேட்டுல, வீடு பள்ளத்துல. இருபது படி இறங்கி வரணும். மனுஷங்க இறங்கிடலாம், ஏறிடலாம். குளிச்ச தண்ணி எப்படி ஏறும்? பின்பக்கத் தொட்டியில சேர்த்து, மோட்டார் போட்டு மேல தெருச் சாக்கடைக்கு ஏத்தணும்.

"இத்தனை வருஷமா ஜம்முனு ஏத்துச்சே!" அப்பா கழுத்துல இஞ்ச் டேப்போட ஓடி வந்தார். டெய்லர். இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி அதே மாதிரி ஒரு டேப்பால படிப்படியா அளந்து மோட்டார் வாங்கினவர். 'என் அளவு தப்பாது'ன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவார்.

"இன்ஸ்பெக்டர் கண்ணு பட்டிருச்சுப்பா. முந்தாநாள் தானே காலி பண்ணிட்டுப் போனார்?"

இன்ஸ்பெக்டர்னா போலீஸ் இல்ல, இவங்க வெச்ச பட்டப்பேர். பத்தாவது படி வீட்டுக்காரர். பஸ் டிப்போ மெக்கானிக்கா இருந்தவர். இவங்க குழாய் அவர் பின்பக்கம் வழியா தான் மேல போகுது. அதுக்கு அவர் போட்ட ஒரே சட்டம்: "மோட்டார் போடறதுக்கு முன்னாடி குரல் குடுக்கணும். திடீர்னு சத்தம் கேட்டா தூக்கிவாரிப் போடுது!"

குரல் குடுக்கற வேலை ஸ்கூல் போன காலத்துலேர்ந்தே சின்னவளுக்கு. அப்போல்லாம் யூனிஃபார்ம்ல, ஒரு பக்கம் மட்டும் பின்னின ஜடையோட, வாய்ல பிரஷ்ஷோட பத்து படி ஏறி நிப்பா.

"மோட்டார் போடறோம், மாமா!"

உள்ளேயிருந்து ஷேவிங் சோப்பு வாசனையோட பதில் வரும். "ம்ம்... போடு!"

பதில் வராட்டி போடக் கூடாது. பரீட்சை நாள்ல கூட நிக்க வெச்சிருக்கார். "பெரிய ராஜா! இவர்கிட்ட உத்தரவு வாங்கித் தான் நாம குளிக்கணும்!"னு அம்மா கரிச்சுக் கொட்டுவாங்க. அவர் மகன் வீட்டுக்கே போறார்னு தெரிஞ்சப்ப சின்னவ கை தட்டாத குறை. அவர் கிளம்பின அன்னைக்கும் நேத்தும் குழந்தையைப் பார்க்க எல்லாரும் ஆஸ்பத்திரியில, மோட்டாரே போடலை. அதனால, குரல் குடுக்காம மோட்டார் போட்ட முதல் நாள் இன்னைக்குத் தான்.

போட்டா, இப்படி!

பிளம்பர் வந்தார். குழாய் மேலயே கண்ணை வெச்சுக்கிட்டுப் படியேறினார். சின்னவளும் பின்னாடியே போனா. பத்தாவது படியில, இன்ஸ்பெக்டரோட பூட்டின வீட்டுச் சுவரை ஒரே தாவா தாவி உள்ள குதிச்சவர், அங்கிருந்து சத்தம் போட்டார்.

"அக்கா, உங்க குழாய் நேரா தெருவுக்குப் போகலை. இங்க ஒரு தொட்டியில விழுது. பக்கத்துல இன்னொரு மோட்டார் இருக்கு."

"அது அவர் வீட்டுது."

"அவர் வீட்டுத் தண்ணிக்கு வேற லைன். இது உங்களுக்கு மட்டும் தான். உங்க மோட்டாருக்கு பாதி உயரம் தான் தெம்பு. மீதியை இது தள்ளியிருக்கு. இன்னைக்கு ஸ்விட்ச் போட ஆள் இல்ல, தொட்டி ரொம்பித் திரும்பிடுச்சு. போடட்டுமா?"

போட்டார். கீழ வீட்டுத் தண்ணி மடமடன்னு இறங்குச்சு.

சின்னவ அந்தப் படியிலயே உக்கார்ந்துட்டா. நம்ம குரல் கேட்டதும் மனுஷன் பாதி ஷேவிங்ல ஓடிப் போய் ஸ்விட்ச் போட்டிருக்கார். இருபத்தஞ்சு வருஷமா!

போனை எடுத்தா.

"மாமா, உங்க பின்பக்கம் இன்னொரு மோட்டார்..."

"கண்டுபிடிச்சிட்டியா? பெரிய மோட்டாரா மாத்திடுன்னு உன்கிட்ட தனியா சொல்லணும்னு இருந்தேன்மா. நீ ஆஸ்பத்திரியில இருந்தே, அதுக்குள்ள மகன் வண்டியைக் கொண்டாந்துட்டான். டெய்லர் தரையிலேர்ந்து அளந்தார், தொட்டி ஆழத்தை விட்டுட்டார். இதை மட்டும் அவர் காதுல போட்டுடாதே. அளவு தப்புன்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிடுவார்."

கீழ வந்தா அப்பா கூடத்தைத் துடைச்சுக்கிட்டிருந்தார்.

"என்னவாம்?"

"குழாய்ல துணி அடைச்சிருந்துச்சுப்பா. எடுத்தாச்சு."

அப்பா துடைக்கறதை நிறுத்தலை. "பொய் சொல்றப்போ உனக்கு மூக்கு சிவக்கும். பெரிய மோட்டாரா ஒண்ணு வாங்கணும், அவ்ளோ தானே?"

"அப்பா! உங்களுக்குத் தெரியுமா?"

"டெய்லர்டி நான். தப்பா வெட்டினா தச்சுப் பார்க்கறப்போ தெரியாதா? முதல் மாசமே தெரியும்."

"அப்புறம் ஏன் மாத்தலை? அம்மா அவரை எவ்வளவு திட்டியிருக்காங்க!"

அப்பா துணியைப் பிழிஞ்சார். குரல் கொஞ்சம் இறங்குச்சு.

"அவர் சம்சாரம் தவறின புதுசு. வேலைக்கும் போகாம, கதவையும் திறக்காம கிடந்தார். நம்ம தண்ணி ஏறாம அவர் பின்பக்கம் வழிஞ்ச அன்னைக்குத் தான் ஸ்பானரை எடுத்துக்கிட்டு வெளிய வந்தார். நான் புது மோட்டார் போட்டா, மறுபடி உள்ள போய்ப் படுத்துக்குவாரோன்னு பயமா இருந்துச்சு."

உங்க தெருவுலயும் இப்படி ரெண்டு பெரிய மனுஷங்க ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திக்கிட்டு இருந்திருக்காங்களா? சொல்லுங்களேன்!