சமையலறைக்கு ஒரு சென்சார்

"திருடன் ஜன்னலை உடைச்சுத்தான் வருவான். சென்சாரை ஹால்ல மாட்டலாம்மா," என்றார் மெக்கானிக்.

"சமையலறையிலயே மாட்டுங்க," என்றாள் வீட்டுக்காரம்மா. "இந்த மாசம் மட்டும் ஒம்பது கண்ணாடி டம்ளர் போயிருக்கு. கேட்டா, பூனை உடைச்சதுன்னு பதில் வருது."

வேலைக்காரம்மா மேல் சந்தேகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே மாட்டி முடித்தார்.

"உடையற சத்தம் கேட்டதும் உங்க போன் அலறும். நம்ம வேலை அப்படி." ஹாலுக்கு வந்து, சோதிக்கும் கருவியைப் பையில் தேடினார்.

"அது எதுக்கு? பாத்திரம் கழுவற நேரம்தான்."

உள்ளே 'சிலீர்' என்று ஒரு சத்தம். அவள் போன் அலறியது.

சோப்பு நுரை வழியும் கையோடு வந்து நின்றார் அவள் கணவர். "பூனை..."

அவள் விளக்குமாறு எடுக்கப் போனாள். மெக்கானிக் அவர் காதோரம் குனிந்தார்.

"பேட்டரியைக் கழட்டி வச்சிட்டுக் கழுவுங்க சார். எங்க வீட்லயும் நான்தான்."