கூரைக்கு மேலே ஒரு குரல்

சூரியக் காற்று வந்து மோதினால் போதும், காந்தமுள்ள கோள்களுக்கெல்லாம் ஆவேசம் வந்துவிடும். ரேடியோ அலையில் கத்தித் தீர்ப்பார்கள். காந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத நிலாவுக்குக் கேட்கிற வேலை மட்டும்தான்.

அன்றைக்கும் பூமி ஆரம்பித்தாள். "இந்த வியாழனைப் பாருடி. எத்தனை தூரத்துல இருக்கான், அவன் போடற கூச்சல் என் வீட்டுக்குள்ள வந்து விழுது. பெரிய ஆளுன்னா கொஞ்சம் அடக்கம் வேணாமா?"

"ம்" என்றாள் நிலா. அக்காவின் துருவத்தில் பச்சை ஒளி படர்ந்துகொண்டிருந்தது. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

வந்தது. நிலாவின் முகமே அதிரும்படி அக்காவிடமிருந்து ஓர் அலறல்.

பூமியின் காற்றுக்கு மேலே மின்னேறிய கூரை ஒன்று உண்டு. வியாழனின் கீச்சுக் குரல் அதைத் துளைத்து இறங்கிவிடும். பூமியின் கட்டைக் குரலோ கூரைக்கு மேலே பிறந்து, அதைத் துளைத்து இறங்க முடியாமல் வெளியிலேயே போய்விடும். ஒரு நாளும் அவள் அதைக் கேட்டதில்லை.

"நான் என்னைக்காவது சத்தம் போட்டிருக்கேனா? நீயே சொல்லு."

சொல்லிவிடலாம் என்றுதான் நிலா வாயெடுத்தாள். ஆனால் அக்கா முகம் திருப்பிக்கொண்டால், சுற்றிவர அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"உனக்கு நான் எப்பவும் முகத்தைத்தானே காட்டறேன், அக்கா. என் காது ரெண்டும் பின்பக்கம் இருக்கு."

"ஐயோ பாவம்!" பூமி உச்சுக்கொட்டினாள். "அப்போ வியாழன் கத்தறதெல்லாம் நேரா உன் காதுலயா விழுது?"

"பரவாயில்லக்கா. அவன் தூரத்துலதானே கத்தறான்."