குளியலறையில் ஒரு முட்டை

குழாயை முழுதாகத் திறந்துவிட்ட பிறகுதான் முட்டையைச் சுவரில் தட்டினாள்.

டீக்கடையில் அவித்தது. பக்கெட்டில், துவைக்கிற துணிகளுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள். லேசாகச் சோப்பு வாசனை அடித்தது.

முட்டையை ஒளித்துத் தின்பது லேசுப்பட்ட காரியமில்லை. பணத்தை ஒளிக்கலாம். காதலைக்கூட ஒளிக்கலாம். முட்டை நாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

தினமும் முட்டையா, ஏன் என்று அறையில் யாராவது கேட்பார்கள். அந்த ஏனுக்கு உண்மையைச் சொன்னால் நோய் வெளியே தெரிந்துவிடும்.

ஆஸ்பத்திரியில், காசநோய்ப் பிரிவில், உணவு ஆலோசனை சொல்லும் அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாத்திரை மட்டும் போதாது. முட்டை, பருப்பு, வேர்க்கடலை. பசிக்காவிட்டாலும் சாப்பிட வேண்டும். எடை இந்த மாதமும் ஏறவில்லை. மெஷினைப் பார்த்து அவர் முகம் சுருங்கியதை இவளால் மறக்கவே முடியவில்லை.

இனி யாருக்கும் தொற்றாது, பயப்படாதே என்றும் அவர்தான் சொன்னார்.

அதை வார்டனிடம் யார் போய்ச் சொல்வது?

பனியன் கம்பெனி விடுதி இது. போன மாதம் ஒரு பெண் விடாமல் இருமினாள். பெட்டியோடு பஸ் ஏற்றிவிட்டார்கள். வெறும் சளி என்று பிறகு தெரிந்தது. வேலை போனது போனதுதான்.

இவள் ஊருக்குப் போனால் முட்டை கிடையாது. சோறே சந்தேகம்.

மஞ்சள்கருவை முழுசாக வாயில் போட்டாள். சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற அவசரம்.

அது மாவாகத் தொண்டையில் அப்பிக்கொண்டது.

விழுங்கினாள். இறங்கவில்லை.

இருமல் வந்தது.

துண்டை வாயில் அடைத்தாள். அடக்க அடக்க வந்தது. குழாய்ச் சத்தத்தையும் மீறிக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் கொட்டியது. செத்தேன் என்று நினைத்தாள்.

கதவு தட்டப்பட்டது.

எத்தனை நேரம் திறக்காமல் இருக்க முடியும்? திறந்தாள்.

பேச்சியம்மாள். பக்கத்துக் கட்டில்காரி. அவள் காதில் ஒன்று விழுந்தால் சாயங்காலத்துக்குள் மூன்று மாடிக்கும் போய்விடும். யார் கண்ணில் படக்கூடாது என்று இத்தனை நாள் பயந்தாளோ, அவளேதான் நின்றாள்.

பேச்சி முகத்தைப் பார்த்தாள். தரையில் கிடந்த முட்டை ஓடுகளைப் பார்த்தாள்.

கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"மஞ்சக்கருவத் தண்ணியோட முழுங்கணும்ட்டி. எங்க அண்ணனும் ஆறு மாசம் மாத்திர திங்கையில இப்படித்தான் விக்குவான்."

பேச்சிக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்தோ தெரிந்திருக்கிறது.

கீழே மாடிப்படியில் வார்டனின் குரல் கேட்டது. அங்கே யார் இருமுவது என்றது.

இவள் பாட்டிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

பேச்சி படிப்பக்கம் திரும்பினாள்.

"நாந்தான் மேடம்."

செருப்புச் சத்தம் படியேறி வந்தது.

பேச்சி குளியலறைக் கதவை வெளியிலிருந்து சாத்தினாள். சாத்திவிட்டு இன்னொரு முறை இருமினாள்.